ஜெயசீலி மைனி திருத்திய படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் கே.ஜி. பிள்ளைகளுக்கு ஸ்நாக்ஸ் டப்பாக்களைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பேசியவர் ஷைனி சிஸ்டர். அபுதாபி முசாஃபாவில் ஒரு கிளினிக்கில் என் கணவரின் அக்கா ஜெயசீலியோடு வேலை பார்த்தவர், ஒன்பது வருடம் ஒரே ரூமில் இருந்தவர்.

"பியூலா, சாம் போன எடுக்க மாட்டேங்கிறாரு. நீ கொஞ்சம் உக்காந்துக்கோ" என்றார். நர்சுகள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் உட்காரவில்லை.

"ஜெயசீலி நைட் டூட்டி முடிச்சு ஷூ மாத்திட்டு இருந்தாங்க. அப்படியே பெஞ்சுல சாஞ்சுட்டாங்க. டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருந்தாரு. எல்லாம் பண்ணிப் பாத்தோம். முடியல."

டாக்சி பிடித்து என் கணவர் சாம் வேலை பார்க்கும் கிடங்குக்குப் போனேன். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் சத்தத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்டிருக்கவில்லை. நான் சொன்னதும் கேபிள் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்று அழுதார். பதின்மூன்று வருடத் திருமண வாழ்க்கையில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நான் செத்தால் இவர் இப்படி அழுவாரா என்று என் மனம் கேட்டது.

நாளை முசாஃபாவில் நடக்கும் ஜெபக் கூட்டத்தில் வாசிக்க, மைனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய தோழிகள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை மைனி என்றுதான் கூப்பிடுவோம். அன்பானவர், உழைப்பாளி, தேவபக்தி உள்ளவர் என்று எழுதலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் அவரை எனக்கு எப்படித் தெரியுமோ அப்படி எழுத வேண்டுமானால், என் பொறாமையையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

மைனி நாசரேத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். தாயார் இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, சாமுக்கு ஒன்பது. தம்பிக்குத் தலை சீவி, சோறு ஊட்டி வளர்த்தவர் அவர்தான். நர்சிங் முடித்து முதலில் தம்மாம் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருடம் இருந்தார். பிறகு அபுதாபி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "டூட்டி ரோஸ்டர்ல அதுக்கு இடம் விழல புள்ள" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

படம் பிடிக்கிற ஆசை தம்மாமில்தான் வந்ததாம். ஊரிலிருந்து கடிதத்தோடு போட்டோ அனுப்புவார்கள். ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன்னால் எடுத்தவை. "எல்லாரும் ஸ்கூல் அசெம்பிளில நிக்க மாதிரியே நிப்பாவ. பல்லு தெரியாது. ரெண்டு வருசம் கழிச்சு ஒருநாள் யோசிச்சுப் பாக்கேன், சாம் எப்படிச் சிரிப்பான்னு எனக்கு ஞாபகமே வரல. அன்னைக்கு ஹாஸ்டல்ல கெடந்து அழுதேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கையில் கேமரா போன் வந்ததிலிருந்து அவர் யாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்ததில்லை.

திருமணமாகி நான் ஷார்ஜா வந்த முதல் வார விடுமுறையிலேயே அவர் அபுதாபி பஸ்ஸில் வந்து இறங்கினார். ரோலா பகுதியில் ஒற்றைப் படுக்கையறை வீடு எங்களுடையது. நான் தலை குளித்து ஈரத்தோடு அடுப்படியில் நின்றேன். குக்கர் விசில் எதிர்பாராமல் அடித்ததில் பயந்து, பிறகு என்னை நினைத்து நானே சிரித்தேன். அதை அவர் எடுத்துவிட்டார். காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் பச்சையடித்திருந்தது. பாதி ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர், கொடியில் சாமின் பனியன் எல்லாம் இருந்தன. அழித்துவிடச் சொன்னேன். "பாப்போம்" என்றார்.

மறுநாள் மாலை அவர் ஏறிய பஸ் அபுதாபி போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் சாமின் போனுக்கு வந்தது. ஃபிரிட்ஜும் சிலிண்டரும் பனியனும் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. பச்சை போய் மாலை வெயிலின் நிறம் வந்திருந்தது. நானும் என் சிரிப்பும் ஜன்னலும் மட்டும் இருந்தோம். சாம் வெகுநேரம் பார்த்தார். "எங்க அக்கா எடுத்தது, பாத்தியா" என்றார். அன்றைக்கே அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

ஊரில் நல்ல ஸ்டுடியோக்காரரை வைத்து எடுத்த எங்கள் திருமண ஆல்பம் அலமாரியில் இருந்தது. தோல் அட்டை போட்டது. அதில் என் முகத்தைப் பளிங்கு மாதிரி இழைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு படத்தைக்கூட சாம் போனில் வைக்கவில்லை. அவர் முகப்பில் வைத்தது என் முகம்தான். ஆனால் அவர் மெச்சியது எடுத்தவரை. தன் முகத்தைப் பார்த்தே ஒருத்தி இன்னொருத்திமேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மைனி படம் திருத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் மூத்த மகள் ஜெனி பிறந்து நாலாவது மாதம், சாம் சோபாவில் படுத்துத் தூங்க, அவர் நெஞ்சின்மேல் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்த படம் ஒன்று. பின்னால் துணி உலர்த்தும் ஸ்டாண்டு, மேசையில் டிஷ்யூ பெட்டி, சுவரில் சுவிட்சின் சிவப்பு விளக்கு.

"முகம் ரெண்டும் இருட்டா கெடக்கு பாரு. வெளிச்சம் பூரா ஜன்னலுக்குப் போயிட்டு" என்றார். முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். அசல் படத்தில் அவர் ஒருபோதும் கைவைத்ததில்லை. நிழலை மட்டும் விரலால் மெல்ல ஏற்றினார். இரண்டு முகங்களும் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. சாய்ந்திருந்த சோபாவை நேராக்கினார். ஓரத்தை நெருக்கி வெட்டியதில் ஸ்டாண்டும் டிஷ்யூ பெட்டியும் போயின. சிவப்பு விளக்கை ஒரு தொடலில் துடைத்தார். எல்லாம் நாலு நிமிடம் இருக்கும்.

"கொஞ்சம் வெள்ளையாக்கலாமா மைனி?" என்றேன்.

"எதுக்கு? அவன் கறுப்புதான். எங்க அப்பா நிறம். சுத்திக் கெடக்குறத ஒதுக்கு, வெளிச்சத்தச் சரி பண்ணு. முகத்துல கைவைக்காத. அதுக்கு மேல தொட்டா வேற யாரோ ஆயிருவான்."

இது எனக்குப் பாடமாகப் படவில்லை. என் வீட்டில், என் சோபாவில், என் கணவரும் என் பிள்ளையும் தூங்குவதை நான் பார்த்துப் பார்த்துக் கடந்துபோயிருந்தேன். வாரத்தில் ஒருநாள் வருகிறவருக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நானும் போட்டிக்கு இறங்கினேன். இளையவன் ஜோயல் பிறந்த பிறகு சாமை நச்சரித்துப் பெரிய கேமரா ஒன்று வாங்கினேன். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டுப் பூங்காவில் நிற்கவைத்து, "இங்க பாரு, சீஸ் சொல்லு" என்று எடுத்தேன். படங்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. பிள்ளைகள் சொன்னபடி பல்லைக் காட்டினார்கள். ஊருக்கு அனுப்பினால் "அழகு" என்று பதில் வரும். மைனி அனுப்பும் படங்களுக்கு அப்படி ஒரு சொல்லில் பதில் வராது. என் அம்மாவே எனக்குப் போன் போட்டு, "ஜெனி அந்தப் படத்துல என்னத்தப் பாத்துட்டு அப்படிச் சிரிக்கா?" என்று கேட்பார்கள். பெற்ற தாயிடம், அது மைனி எடுத்தது, எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜெனிக்கு ஆறு வயதில் ஒரு பிறந்தநாள் படம் எடுத்தேன். அவளுக்கு இடது புருவத்தில் சின்னத் தழும்பு உண்டு, கட்டில் விளிம்பில் விழுந்தது. ஒரு செயலியில் போட்டு அந்தத் தழும்பை எடுத்துவிட்டேன். கன்னத்தையும் கொஞ்சம் மெழுகினேன். பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினேன். ஜெனி நாற்காலியில் ஏறி நின்று அதைப் பார்த்தாள். விரலால் தன் புருவத்தைத் தடவினாள். "மம்மி, இஸ் மை ஐப்ரோ பேட்?" என்று கேட்டாள்.

நான் பதில் தேடுவதற்குள் மைனி அவளை இறக்கித் தூக்கிக்கொண்டார். "பேட் இல்ல மக்கா. மம்மி போன் கண்ணாடி போடாமப் பாத்துட்டு" என்றார். பிள்ளை சிரித்துவிட்டாள். என்னை அவர் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று இன்று புரிகிறது. அன்றைக்கு, என் மகளைச் சமாதானப்படுத்துகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டாரே என்றுதான் எரிந்தது. அந்தப் படத்தை மறுவாரம் நானே கழற்றினேன்.

இனி எழுதப்போவது சாமுக்கே நேற்றுவரை தெரியாது.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் எல்லோரும் கோர்ஃபக்கான் கடற்கரைக்குப் போனோம். மைனி நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார். அன்று முழுவதும் நான் டிபன் பாத்திரங்களோடும் ஈரத்துணிகளோடும் மணலோடும் போராடினேன். மைனி பிள்ளைகளோடு தண்ணீருக்குள் நின்றார். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளின் அறையில் படுத்துத் தூங்கிப்போனார். ஜோயலும் அவர் பக்கத்திலேயே தூங்கினான். சாம் கீழே கார் கழுவப் போயிருந்தார். ஹாலில் மைனியின் போன் சார்ஜில் கிடந்தது. அதைத் திறக்கும் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எடுத்துப் பார்த்தேன். கடற்கரையில் எடுத்த படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். இருபது முப்பதை அவர் திருத்தியும் வைத்திருந்தார். சாம் முட்டளவுத் தண்ணீரில் சறுக்கி விழப்போகிற நொடி. ஜோயல் சிப்பியைக் காதில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நிற்பது. ஜெனி ஈர முடி முகத்தில் ஒட்ட, எடுப்பவரை நோக்கி ஓடி வருவது. ஓடி வருகிற அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் பிள்ளை என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் மூன்று படங்களில் இருந்தேன். ஒன்றில் முதுகு. ஒன்றில் பாத்திரம் மூடும் கை. மூன்றாவதில் ஜோயலை அதட்டும் முகம், அதையும் ஓரத்தில் பாதி வெட்டியிருந்தார்.

சுற்றிக் கிடக்கிறதை ஒதுக்கு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னைத்தான் ஒதுக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். கடற்கரைப் படங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் தொட்டியையும் திறந்து காலி செய்தேன். போனைப் பழையபடி சார்ஜில் போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போனேன்.

எழுந்து வந்தவர் போனைத் திறந்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "பியூலா, கடல் படம் ஒண்ணையும் காணமே" என்றார். இன்னும் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தி முடித்து மொத்தமாக அனுப்பலாம் என்று வைத்திருந்தாராம்.

"ஜெனி கேம் விளையாடிட்டு இருந்தா. அவ கை பட்டுருக்கும்" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு எளிதாக வந்தது.

ஜெனிக்கு ஏழு வயது. கதவோரம் நின்றாள். "நான் தொடல, அத்தை" என்றாள். என்னைப் பார்த்தாள். அழவில்லை.

மைனி அவளைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். "சரி விடு. போன் பழசு. அதுலதான் ஏதோ கோளாறு" என்றார். டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். லிஃப்ட் வரை ஜெனி அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனாள்.

அடுத்த முறை வெளியே போனபோது, கார் நின்றதும் மைனி தன் போனை என்னிடம் நீட்டினார். "இன்னைக்கு நீ எடு. டிபன் கூடைய நான் பாக்கேன்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கு வராது மைனி" என்றேன்.

"வரும். கூப்பிடாத, நிக்கச் சொல்லாத. அதுவ பாட்டுக்கு இருக்கட்டும். உன்ன மறந்த பெறகு எடு."

அதற்குப் பிறகு ஐந்து வருடமும் அதுதான் வழக்கம். நான் எடுப்பேன். அவர் சாப்பாட்டை, துணியை, மணலைப் பார்த்துக்கொள்வார். சோபாவில் உட்கார்ந்து படங்களைப் பார்க்கும்போது, "இதுல இந்தப் பய கையில உள்ள குடையை வெட்டிராத, அதுலதான் காத்தடிக்கது தெரியுது" என்பார். "வெயில் வெள்ளையாப் போன எடத்தக் கொஞ்சம் எறக்கு. இது கலர்ல சண்ட போடுது, கறுப்பு வெள்ளையாக்கிப் பாரு" என்பார். நான் அளவுக்கு மீறி ஏதாவது செய்தால், "போதும், போதும்" என்று என் விரலைப் பிடிப்பார். மெல்ல எனக்கும் கை வந்தது. சாம் ஒருநாள் நான் எடுத்த படத்தைப் பார்த்து, "இது அக்கா எடுத்ததா?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். எனக்கு அன்றைக்கு முழுதும் சோறு இறங்கவில்லை.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்ற கேள்வி ஐந்து வருடமும் என்னை அரித்தது. தெரிந்துதான் போனைக் கையில் கொடுத்தார் என்றால் அந்தப் பெரிய மனசைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. தெரியாமல் கொடுத்தார் என்றால் அந்த வெள்ளை மனசையும் தாங்க முடியவில்லை. பலமுறை சொல்லிவிட நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஸ் நிலையத்தில் நின்றபோதும் வாய்வரை வந்தது. பஸ் கிளம்பிவிட்டது. அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

புதன்கிழமை நினைவு அட்டைக்குப் படம் கேட்டார்கள். கிளினிக் அடையாள அட்டையிலுள்ள படத்தையே போடலாம் என்றார் சாம். அதில் அவர் அசெம்பிளியில் நிற்கிறவர் மாதிரி இருந்தார். வேண்டாம் என்றேன். ஐந்து வருடப் படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் மைனி இருந்தார், ஓரத்தில். டவலை உதறிக்கொண்டு. ஆரஞ்சு உரித்துக்கொண்டு. அன்று கடற்கரையில் நான் இருந்த அதே இடத்தில் அவர் இருந்தார். எடுக்கிறவருக்கு ஓரம் கண்ணில் விழுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் என்னை ஒதுக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஒரு படத்தில் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே யாருடைய பேச்சுக்கோ தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். பாதிப் படம் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் காரால் நிறைந்திருந்தது. நகல் எடுத்துக்கொண்டேன். காரை வெட்டினேன். சாய்ந்திருந்த அடிவானத்தை நேராக்கினேன். நிழலை மெல்ல ஏற்றினேன். கண்ணுக்குக் கீழே இருபத்தைந்து வருட நைட் டூட்டியின் கருவளையம் இருந்தது. நரைத்த முடி காற்றில் கலைந்திருந்தது. அவற்றைத் தொடவில்லை. நாளை கூட்டத்தில் நீங்கள் பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான்.

அதைத் திருத்தி முடித்ததும் என்னால் இருக்க முடியவில்லை. சாமையும் ஜெனியையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். சாம் எழுந்து பால்கனிக்குப் போனார். ஜெனியின் கையைப் பிடித்து, "உம்மேல பழிய போட்டேன் மக்கா. மன்னிச்சிரு" என்றேன்.

ஜெனிக்கு இப்போது பன்னிரண்டு வயது. அமைதியாகச் சொன்னாள்: "ஐ நோ, மம்மி. நீங்க டெலீட் பண்ணத நான் பாத்தேன். அத்தைக்கிட்ட அன்னைக்கே லிஃப்ட் பக்கத்துல வச்சு சொல்லிட்டேன்."

அவள் கையை விடாமல் கேட்டேன்: "அத்தை என்ன சொன்னாங்க?"

"'அம்மா அந்தப் படத்துல எல்லாம் இல்ல மக்கா. அது என் தப்பு. இனிமே நாம அம்மா கையில போனக் கொடுத்துருவோம்'னு சொன்னாங்க. யாருட்டயும் சொல்லாதன்னாங்க. நான் சொல்லல."

ஏழு வயதுப் பிள்ளை ஐந்து வருடம் அதை வைத்திருந்திருக்கிறாள். நான் எடுத்த ஒவ்வொரு படத்தின்போதும் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். என் குற்றத்தைச் சுற்றித்தான் அந்த இருவருக்கும் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது. அதிலும் நான் வெளியே நின்றிருக்கிறேன். வெட்கத்தில் அழுதேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த அழுகையிலும் பாதி பொறாமைதான்.

சாம் இரவு சாப்பாட்டுக்கு உள்ளே வந்தார். எனக்கு முதலில் தட்டு வைத்தார். இன்னும் பேசவில்லை. நாளைக் கூட்டம் முடிந்ததும் அக்காவின் உடலோடு அவர் ஊருக்குப் போகிறார். திரும்பி வந்து பேசுவார் என்று நம்புகிறேன்.

மைனி, உங்களை நேசித்தவர்கள் நிறையப் பேர். அவர்களெல்லாம் நாளை பேசுவார்கள். உங்களைப் போல இருக்க ஆசைப்பட்டு, முடியாமல், உங்கள்மேல் எரிச்சல்பட்டவள் நான் ஒருத்திதான். அந்த ஆசை இன்னும் போகவில்லை. நீங்கள் பார்த்ததுபோல என் பிள்ளைகளைப் பார்க்க நான் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் ஜெனி தன் தம்பியிடம் அத்தையைப் பற்றி ஏதோ சொல்கிறாள். இருவரும் அழுகையும் சிரிப்புமாக இருக்கிறார்கள். எழுந்து வாசல்வரை போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. என்னவென்று கேட்க வாய் துடித்தது. "ஒண்ணுமில்ல, நீங்க பேசுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது.

போய் வாருங்கள், மைனி.